பள்ளத்தில் இறங்கிய டர்போ

மாப்பிள்ளை கண்காட்சியில் எடுத்துவந்த புகைப்படத்தில் பாதி இடத்தை யாரோ ஒருவருடைய காது அடைத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார்.

"அது காது மாமா. காதுக்கு அந்தப் பக்கம் பாருங்க."

மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காதுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கூட்ட அறையில் இருந்த மற்றவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். நல்ல பெரிய காது. அதன் மடலுக்கும் படத்தின் ஓரத்துக்கும் நடுவே, கயிறு கட்டிய மேடை ஒன்றின் மேல், போட்டிக் கம்பெனியின் புது இன்ஜின் கொஞ்சமாகத் தெரிந்தது.

"டர்போ ரெண்டும் எங்க இருக்குன்னு பாருங்க!" மாப்பிள்ளை விரலால் படத்தைக் குத்திக் காட்டினார். "நடுவுல மாமா! பள்ளத்துக்குள்ள!"

அந்தத் தொழிற்சாலை பெரிய ஜீப்புகளுக்கு V வடிவ இன்ஜின் செய்கிற இடம். விரித்துப் பிடித்த இரண்டு விரல்களைப் போல, சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு பள்ளம். சுத்தமான காற்று அந்தப் பள்ளத்தின் பக்கமாக உள்ளே போகும். எரிந்த புகை இரண்டு வெளிப்பக்கமும் குழாய் வழியாக வெளியேறும். அந்தப் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் இன்னும் கொஞ்சம் காற்றைத் திணிக்கிற டர்போ என்கிற நத்தை வடிவச் சமாச்சாரம், பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கட்டான் மாதிரி தொங்கும். மாமனார் காலமெல்லாம் அப்படித்தான் இன்ஜின் செய்தார், விற்றார், வீடு கட்டினார், மகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தார்.

அந்தக் கல்யாணத்தின் பக்கவிளைவுதான் மாப்பிள்ளை.

அவருக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது அபாண்டம். வண்டியில் அது முன்பக்கம் இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன் ஒரு சோபாக் கடையில் விற்பனையாளராக இருந்தார். கல்யாணத்துக்குப் பின் வடிவமைப்புத் துறை இயக்குநர். ஒரு மனிதனை ஒரே தாவலில் அங்கிருந்து இங்கே கொண்டுவரக்கூடிய படிப்பு ஒன்றுதான் இருக்கிறது. அதை அவர் மாலையும் கழுத்துமாக நின்று, முதல் வகுப்பில் தேறியிருந்தார்.

இப்போது மாமனார் ஓய்வு பெறப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலிக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மாப்பிள்ளை. இன்னொருவன் மாமனாரின் மகன், மாப்பிள்ளைக்கு மச்சினன். உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். கையில் கிரீஸும் வாயில் "முடியாது" என்ற சொல்லும் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"அத்தான், போட்டோவுல காதுதான் தெளிவா இருக்கு," என்றான் மச்சினன்.

"கண்ணு இருக்கிறவன் காதைத் தாண்டிப் பார்ப்பான்," என்றார் மாப்பிள்ளை.

மாமனார் மேஜையைத் தட்டினார். "அவன் உள்ள வெச்சுட்டான். நாம இன்னும் வெளிய தொங்க விட்டுட்டு உட்கார்ந்திருக்கோம். வெட்கமா இல்ல?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நொடியே வெட்கமாகிவிட்டது. விற்பனை மேலாளர் தலையைத் தொங்கப்போட்டார். கணக்குப் பிரிவுக்காரருக்கு டர்போ என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் எல்லாரையும்விட அதிகமாக வெட்கப்பட்டவர் அவர்தான்.

தலைமைப் பொறியாளர் மட்டும் அசையவில்லை. எல்லாரும் மேடம் என்று கூப்பிடுகிற அந்த அம்மாள்தான் அந்தக் கம்பெனியின் எல்லா இன்ஜினையும் வரைந்தவர்.

"யோசனை தப்பில்லை," என்றார் மேடம். "புகைக்குழாய் சின்னதாகும். டர்போ சட்டுனு சுத்தும். இன்ஜினோட அகலமும் குறையும். ஆனா அத்தனை சூடும் நடுப்பள்ளத்துல அடைஞ்சு நிக்கும். அதுக்கு வேற உலோகம், வேற தண்ணி வழி, எல்லாம் முதல்லேருந்து வரையணும். வெளிய சில பேர் அப்படித்தான் வருஷக்கணக்கா உட்கார்ந்து செஞ்சிருக்காங்க."

"செஞ்சிருக்காங்கல்ல?" என்றார் மாப்பிள்ளை. "அப்புறம் என்ன?"

"அவங்க வரைஞ்சு செஞ்சாங்க."

"நாம செஞ்சுட்டு வரைவோம். அடுத்த கண்காட்சிக்குள்ள வேணும் மேடம். நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன். இருக்கிற இன்ஜினையே எடுங்க. சிலிண்டர் மேல தலை மாதிரி உட்கார்ந்திருக்கே, அந்த இடது பக்க ஹெட்டைக் கழட்டி வலது பக்கம் மாட்டுங்க, வலதை இடதுல மாட்டுங்க. வெளிய போற புகை தானா உள்பக்கம் திரும்பிடும். முடிஞ்சுது!"

மேடம் மாமனாரைப் பார்த்தார். மாமனார் மாப்பிள்ளையைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தை விளக்கினார். அவள் இன்ஜினுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள்.

"தலையை மாத்தி மாட்டச் சொன்னீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு எப்படி அந்த யோசனை வந்துச்சுன்னு நான் கேட்கவே மாட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மேடத்தின் ஆட்கள் தட்டி, ராவி, முனகி, எப்படியோ ஒரு இன்ஜினைச் சேர்த்து ஜீப்பில் இறக்கினார்கள். ஓட்டிப் பார்க்க வந்தவர் சோதனை ஓட்டுநர். எதைச் சொன்னாலும் தெருக்கோடிவரை கேட்கும்படி சொல்வார் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. மாப்பிள்ளைக்குப் புல்லரித்தது. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது.

"சார்! ஒயர் உருகுது சார்!" என்று கத்தினார் ஹாரன்.

"மெதுவா சொல்லுய்யா!"

"மெதுவாத்தான் சார் உருகுது!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. மச்சினன் மட்டும் சிரிக்காமல் தூணில் சாய்ந்து நின்றான். அது மாப்பிள்ளையை இன்னும் அதிகமாகச் சுட்டது.

"சின்ன விஷயம்," என்றார் மாப்பிள்ளை. "டர்போ மேல தகரத்துல ஒரு மூடி அடிச்சுப் போடுங்க. சூடு ஒயருக்கு வராது."

"அப்போ சூடு எங்க போகும்?" என்று கேட்டார் மேடம்.

"உள்ளேயே இருக்கும்."

"உள்ள என்ன இருக்கு?"

"அதை நீங்கதான் மேடம் சொல்லணும்," என்றார் மாப்பிள்ளை, மடக்கிவிட்ட திருப்தியோடு.

உள்ளே டர்போவுக்குப் போகிற எண்ணெய் இருந்தது. மூடி போட்ட பாத்திரத்தில் வைத்த மாதிரி அது நன்றாக வெந்து, கறுத்து, தார் ஆகிவிட்டது. டர்போ சுற்றமாட்டேன் என்று இறுகிக்கொண்டது. மேடம் ஒரு குச்சியால் அந்தத் தாரைத் தோண்டி எடுத்து மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே காட்டினார்.

"அப்படின்னா ஒரு ஃபேன் வைங்க," என்றார் மாப்பிள்ளை. "பள்ளத்துக்குள்ள காத்தடிக்கணும். பெரிய ஃபேனா வைங்க. கஞ்சத்தனம் வேண்டாம்."

பெரிய ஃபேன் வந்தது. அது பள்ளத்தில் இருந்த சூட்டை வாரி எடுத்து நேரே மேலே அனுப்பியது. மேலே பானெட் இருந்தது. இளநீலப் பெயிண்ட் முழுக்க அம்மை வார்த்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

"டிசைனுன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார் விற்பனை மேலாளர். அவருக்கு மாப்பிள்ளைதான் நாற்காலிக்கு வருவார் என்று தோன்றிய வாரம் அது.

"வேண்டாம். பானெட்ல ஓட்டை போடுங்க," என்றார் மாப்பிள்ளை. "சூடு அது பாட்டுக்கு வானத்துக்குப் போகட்டும்."

ஓட்டை போட்டார்கள். சூடு வானத்துக்குப் போனது. மாப்பிள்ளைக்கு முதல் முறையாக வெற்றியின் வாசனை அடித்தது. உடனே ஜீப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் வாசலில் நிறுத்தி, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

"இது எப்ப நிக்கும்?" என்று கேட்டாள் மனைவி.

"சூடு இறங்கினதும் நிக்கும்."

"சூடு எப்ப இறங்கும்?"

"ஃபேன் ஓட ஓட இறங்கும்."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஈரத்துணிக் கூடை இருந்தது. அவருடைய நான்கு சட்டைகளையும் தன்னுடைய துண்டையும் பானெட் ஓட்டையைச் சுற்றி வரிசையாக விரித்தாள். காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டன.

"கல்யாணமானதுலேருந்து நீங்க வீட்டுக்குன்னு கொண்டுவந்ததுல இதுதான் உபயோகமான பொருள்," என்றாள். "இதையே சொல்லி அப்பாகிட்ட வித்துடுங்க."

"உன் தம்பிக்கு நாற்காலி கிடைக்கணும், அதானே உனக்கு?"

"யாருக்குக் கிடைச்சாலும் சரி, உட்காருறவருக்குச் சூடு தாங்கணும். அதான் எனக்கு."

மாப்பிள்ளை இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். அவருக்கு வருத்தம் வந்தால் பசி போகாது. ஆனால் போனதாகக் காட்டிக்கொள்வது கௌரவம் என்று நினைத்தார். மனைவி தட்டை எடுத்து மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே போய்த் திறந்தார்.

மறுநாள் தொழிற்சாலையில் ஜீப்பைக் கழுவினார்கள். கழுவுகிறவர் வழக்கம்போலத் தண்ணீரைப் பீய்ச்சினார். பானெட்டில் ஓட்டை இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொதித்துக்கொண்டிருந்த டர்போ மேல் பச்சைத் தண்ணீர் விழுந்ததும் "டங்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"சார்! டர்போ விரிசல் விட்டுப்போச்சு சார்!" என்று அறிவித்தார் ஹாரன். கேட்டில் நின்ற காவலாளிக்கும், கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கும் விஷயம் எட்டியது.

"மழை பெஞ்சாலும் இதேதான் நடக்கும் அத்தான்," என்றான் மச்சினன். "மழையில ஓட்டாதீங்கன்னு எழுதி ஒட்டி வித்துடலாமா?"

மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். "ஓட்டைக்கு மேல ஒரு கூரை போடு."

கூரை போட்டார்கள். சூடு வெளியே போகிற அளவுக்கு உயரமாக, மழை உள்ளே வராத அளவுக்கு அகலமாகப் போட வேண்டியிருந்தது. ஜீப்பின் முன்னால் திமில் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. ஹாரன் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார்.

"ரோடு தெரியல சார்."

"பழகினா தெரியும்."

"பழகுறதுக்கு உயிர் வேணும் சார்."

ஓட்டுநர் உயரமாக உட்கார்ந்தால் திமிலைத் தாண்டிச் சாலை தெரியும் என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். இந்த இடத்தில்தான் அவர் தனக்கு உண்மையிலேயே தெரிந்த துறைக்கு வந்து சேர்ந்தார். பழைய சோபாக் கடைக்கு ஆள் அனுப்பி, நல்ல கனமான மெத்தை ஒன்று வரவழைத்து, சீட்டின் மேல் தன் கையாலேயே போட்டுத் தைத்தார். அவ்வளவு அருமையான சீட் அந்தத் தொழிற்சாலையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. மேடமே ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று மாப்பிள்ளையால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்காட்சிக்கு முந்தின வாரம் மாமனார் தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். மாமனார் நெட்டை. ஹாரன் குட்டை. மெத்தையின் அளவு எடுக்கும்போது உட்கார்ந்தவர் ஹாரன்.

மாமனார் ஏறி உட்கார்ந்ததும் அவர் தலை ஜீப்பின் கூரையில் முட்டியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, யாரோ சொல்கிற ரகசியத்தைக் கேட்கிறவர் மாதிரி, வண்டியைக் கிளப்பினார். தொழிற்சாலை முழுவதும் வெளியே வந்து நின்றது. மகளும் வந்திருந்தாள். ஜீப் முற்றத்தைச் சுற்றிப் பாய்ந்தது. நிஜமாகவே பாய்ந்தது. மேடம்கூடப் புருவத்தை உயர்த்தினார். "பார்த்தியா?" என்று மச்சினன் பக்கம் திரும்பினார் மாப்பிள்ளை. அவர் அப்படித் திரும்பியிருந்த நேரத்தில் ஃபேன் நின்றுவிட்டது.

முதலில் திமிலிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. அப்புறம் கறுப்புப் புகை வந்தது. மாமனார் பிரேக்கை அழுத்தினார். அழுத்திய வேகத்தில் எம்பி, கூரையில் இன்னொரு முட்டு. காவலாளி தீயணைப்புக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் திறக்கக் கிடைத்த வாய்ப்பு அது. பானெட், கண்ணாடி, கதவு, கதவைத் திறந்துகொண்டு இறங்கிய முதலாளி என்று எதையும் விடாமல் நுரையை அடித்தார்.

நுரைக்குள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது. "மாப்பிள்ளை."

"மாமா."

"உங்களை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என் பொண்ணு முகத்துக்காக."

"என் முகத்துக்காகன்னா தாராளமாச் சொல்லுங்கப்பா," என்றாள் மகள்.

மாப்பிள்ளை அன்று தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேஜை மேல் அந்தப் புகைப்படம் இருந்தது. போட்டிக் கம்பெனிக்காரன் மட்டும் எப்படிச் செய்தான்? அவனுடைய ஒயர் உருகவில்லையா? எண்ணெய் கருகவில்லையா? அவன் மாமனார் நெட்டையா, குட்டையா? தன்னைவிட எத்தனையோ மடங்கு மூளை உள்ள ஒருவன் இந்த உலகத்தில் இருக்கிறான் என்று மாப்பிள்ளைக்கு அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது. அது நிஜமாகவே வலித்தது. கண்ணில் நீர்கூட வந்தது.

ஆனால் கண்காட்சிக்கு இடம் பிடித்தாகிவிட்டது. "பள்ளத்திலிருந்து ஒரு பாய்ச்சல்" என்று போஸ்டரும் அடித்தாகிவிட்டது. போகாவிட்டால் ஊர் சிரிக்கும் என்று மாமனார் முடிவு செய்தார். இன்ஜினை ஜீப்பிலிருந்து இறக்கி, கருகின இடமெல்லாம் பாலிஷ் போட்டு, மேடை மேல் ஏற்றி, நான்கு பக்கமும் விளக்கு வைத்தார்கள். ஓட்டவேண்டியதில்லை என்றானதும் அந்த இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. பார்க்கிறவர் கண்ணைப் பறித்தது.

கூட்டம் அலைமோதியது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பள்ளத்துக்குள் பளபளத்துக்கொண்டிருந்த இரண்டு டர்போக்களையும் காட்டி மாப்பிள்ளை பேசினார். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் வந்தால் மேடத்தைக் காட்டினார். மேடம் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் போட்டிக் கம்பெனியின் முதலாளியே நேரில் வந்தார். கூட வந்தவர் அவர்களுடைய வடிவமைப்புத் தலைவர். அந்தத் தலைவர் இன்ஜினைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கயிற்றைத் தாண்டிக் குனிந்தார். கேமராவை எடுத்து மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டில் என்று படபடவென்று படம் எடுத்தார். முதலாளி அவர் காதில் ஏதோ கடிந்துகொண்டார். "நமக்கு ஏன்யா இது தோணலை?" என்ற மாதிரி மாப்பிள்ளைக்குக் கேட்டது. சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு நெஞ்சு விம்மியது. தன்னிடம் இருக்கிற பொருளையே அடுத்தவன் மேடையில் வந்து இப்படிப் படமெடுக்கிறான் என்றால், நம்முடையது அவனுடையதைவிட எவ்வளவு உசத்தியாக இருக்க வேண்டும்!

மாமனாரும் அதைத்தான் நினைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது. மெல்ல வந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளை. போட்டிக்காரன் வயிறு எரியுறதைக் கண்ணால பார்த்துட்டேன். நாற்காலி உங்களுக்குத்தான். இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். விற்பனை மேலாளர் கைதட்டத் தயாராகக் கையை விரித்தார். மாமனார் தொண்டையைச் செருமினார்.

அந்த நேரம் பார்த்து, பெயர்ப்பலகை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அரங்கில் எல்லாருக்கும் ஸ்டால் அமைத்துக் கொடுக்கிற தச்சர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மேடைக்குப் பக்கத்தில் ஏணியைச் சாய்த்தார். இன்ஜினைப் பார்த்தார். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் அனுதாபத்தோடு கேட்டார்.

"என்ன சார், உங்களுதும் அரங்கத்துக் கதவுல நுழையலையா? போன தடவை, இதோ படம் எடுக்கிறாங்களே, இவங்க இன்ஜின் அகலமா இருக்குதுன்னு பக்கத்துல தொங்கின ரெண்டையும் நான்தான் கழட்டி நடுப்பள்ளத்துல சொருகி உள்ள தள்ளினேன். திரும்ப எடுத்து மாட்டணும்னு நினைச்சுட்டே இருந்தேன், சுத்தமா மறந்துட்டேன்!"